ரத்தத்தில் ஒன்றும் இல்லை

எங்கள் தோட்டத்தில் யாருக்காவது இருமல் நாள்பட்டுவிட்டால் இப்போது என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். "விஜயாக்கா, கேன்சர் இருக்கானு ரத்தத்துலயே பாக்கலாமாமே, அது எங்க பாக்குறது?" கொழுந்து மலைக்குப் போகிற வழியில் கேட்பார்கள், குழாயடியில் கேட்பார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. பாதியைக் கேட்டுவிட்டு, "அப்ப பாக்கலாம்தானே?" என்று கூடையை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மூச்சு இடம் கொடுக்கிற காலத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. என் வீட்டுக்காரர் மாணிக்கமும் தொட மாட்டார். அவர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறார். ஒரே மகள் சுகன்யா. எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் வேலை.

மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. பிள்ளைக்காம்பராவில் எந்த நாளும் ஏதாவதொரு குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். அதுகளிடமிருந்து தொற்றியது என்று நினைத்தேன். இஞ்சி, கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கினேன். மழை விட்டது, இருமல் விடவில்லை. பசறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சளியைச் சோதித்து, காசநோய் இல்லை என்றார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வலது பக்கம் மேலே ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டினார். வெள்ளையாக, பட்டாணி போல ஒரு புள்ளி.

"இது பழைய சளி உறைந்த தழும்பாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பதுளையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம்" என்று சிங்களத்தில் சொல்லி, அதற்கொரு நாளும் குறித்துக் கொடுத்தார். அந்த "வேறு ஏதாவது" என்பதை மாணிக்கம் எனக்குச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல.

பயந்தால் சும்மா இருக்கத் தெரியாத மனுசன் அவர். லொறி வழியில் நின்றாலும் அப்படித்தான், மெக்கானிக் வரும்வரை காத்திருக்க மாட்டார், தானே அடியில் படுத்துவிடுவார். பண்டாரவளையில் இருக்கிற ஒரு கூட்டாளி அவரிடம், புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் காட்டிக் கொடுக்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது, பதுளையில் தனியார் லேப்பில் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதைத்தான் பேசினார்.

"ஸ்கேனுக்கு இன்னும் நாளு இருக்கு. அதுவரைக்கும் யோசிச்சுக்கிட்டே கெடக்கவா? இந்தா பாரு விஜயா, ஒயில் கம்பிய உருவிப் பாத்தா எஞ்சினுக்குள்ள என்ன நடக்குதுனு நமக்குத் தெரியுதுல்ல? ரத்தமும் அப்படித்தான்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. போய் ரத்தம் கொடுத்தோம். ரத்தம் எடுத்த பையன், "ரிப்போர்ட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொன்னான். எல்லாருக்கும் சொல்வது போலத்தான் சொன்னான்.

ரிப்போர்ட்டை மாணிக்கமே போய் வாங்கி வந்தார். வேலை முடிந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். லயத்து வீட்டு வரிசைக்கு ஏறுகிற படியின் கீழே நின்றே கத்தினார். "ரத்தத்துல ஒன்னும் இல்ல! விஜயா, ஒன்னும் இல்ல!" பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். சீ.ஈ.ஏ. என்று போட்டு ஒரு எண். அதற்குப் பக்கத்தில், இருக்க வேண்டிய அளவு இது என்று இன்னொரு எண். என்னுடையது குறைவாகத்தான் இருந்தது. கையில் ஒரு கேக் பெட்டி. பசறையில் வாங்கியிருக்கிறார். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரே வெட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தோம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஸ்கேனுக்குக் குறித்த நாள் வந்தது. டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையில் இருமலும் தணிந்திருந்தது. "ரத்தத்துலயே ஒன்னும் இல்லங்கிறப்ப அது எதுக்கு?" என்றார் மாணிக்கம். அன்றைக்கு அவர் லொறிக்குப் போனார், நான் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். ஒரு சாதாரண நாள். அந்த நாளை இப்போது நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு என்ன சமைத்தேன் என்பதுகூட ஞாபகம் வரவில்லை.

பிறகு பல மாதங்கள் நன்றாகத்தான் போயின. இருமல் திரும்பி வந்தபோதும், 'அதுதான் பார்த்தாச்சே' என்று இருந்தேன். முதலில் தோளில் ஒரு வலி. குழந்தைகளைத் தூக்கித் தூக்கி வந்தது என்று தைலம் போட்டேன். பிறகு மூச்சு. காம்பராவிலிருந்து லயத்துக்கு ஏறுகிற பாதையில் ஒருமுறை உட்கார வேண்டியிருந்தது, பிறகு இரண்டு இடங்களில். லீவில் வந்த சுகன்யா நான் அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அம்மா, நீங்க பேசுறப்பவே மூச்சு வாங்குது."

"ஏத்தம் ஏறி வந்தேன்ல, அதான்."

"நீங்க வந்து எவ்வளவோ நேரமாச்சு" என்றாள். திரீவீலரைக் கூப்பிட்டு என்னை நேரே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வலது நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கட்டியிருந்தது. என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் மேசை போட்டு, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, விலாவுக்கு நடுவே இன்னொரு ஊசியை இறக்கித் தண்ணீரை எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. உள்ளே எதையோ இழுக்கிற மாதிரி இருந்தது. வந்த தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் இருந்தது. அதைப் போத்தலில் பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது, இது இருமல் மருந்தில் போகிற காரியம் இல்லை என்று. ஆனால் மூச்சு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு முழுதாக ஒரு மூச்சு.

அதற்குப் பிறகு பரிசோதனைகள். அந்தத் தண்ணீரில் என்ன அணுக்கள் இருக்கின்றன என்று பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். நீள ஊசியால் நுரையீரலிலிருந்து ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டும். வார்டில் எல்லாரும் காத்திருப்பவர்கள்தான். சுகன்யா எல்லவிலிருந்து வரும்போதெல்லாம் என் தலையை வாரிப் பின்னிவிடுவாள். மாணிக்கம் லொறியை நிறுத்திவிட்டு அப்படியே வருவார், சட்டையில் கொழுந்து வாசனையோடு. பிளாஸ்கில் ரசம் இருக்கும். அவருக்கு ரசம் வைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டு வைத்திருக்கிறார். புளி தூக்கலாக இருக்கும். நான் முழுவதும் குடித்துவிடுவேன்.

இன்னொன்றும் கொண்டுவருவார். அந்த லேப் ரிப்போர்ட். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். வார்டுக்கு எந்த டாக்டர் வந்தாலும் எழுந்து நின்று அதை நீட்டுவார். "சேர், ரத்தத்துல ஒன்னும் இல்ல சேர். பாருங்க சேர்." சிங்களத்தில் சொல்வார், இங்கிலீஷ் சொல்லையும் கலந்து சொல்வார். அவர்களும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுப்பார்கள்.

எங்கள் வார்டில் ஒரு சின்ன டாக்டர் இருந்தா. அக்கரைப்பற்றுப் பக்கம், முஸ்லிம் பிள்ளை. சுகன்யா வயதுதான் இருக்கும். அந்தப் பிள்ளைதான் ஒருநாள் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தா.

"ஐயா, நீங்களும் இருங்க. இதை விளங்கப்படுத்துறன்" என்று தொடங்கினா. அந்தப் பிள்ளை சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சீ.ஈ.ஏ. என்பது ஒரு புரதம். சிலவகைப் புற்றுநோய் அதை ரத்தத்தில் அதிகமாக விடும். ஆனால் எல்லா நோயும் விடாது, விடுகிற நோயும் சின்னதாக இருக்கும்போது விடாமலிருக்கலாம். சிகரெட் குடிப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதலாக இருக்கும். ஈரல் வருத்தம், நெஞ்சில் நாள்பட்ட நோய் இருந்தாலும் கூடும். சைஃப்ரா, என்.எஸ்.ஈ. என்று இன்னும் சில இருக்கின்றன, நோயின் வகைக்கு ஏற்ப. அதில் ஒன்று, ரத்தம் எடுக்கும்போது குழாய்க்குள் அணுக்கள் உடைந்தாலே கூடிக் காட்டுமாம்.

"இந்த நம்பர் கூடினா கேன்சர் எண்டும் இல்ல, கூடாட்டி கேன்சர் இல்ல எண்டும் இல்ல" என்று சொன்னா. "கண்டுபிடிக்கிறதுக்கு இது சரிவராது. சதையை எடுத்துப் பாக்கணும். கண்டுபிடிச்ச பிறகு, மருந்து வேலை செய்யுதா எண்டு பாக்க உதவும். அதுவும் தனியா இல்ல, ஸ்கேனோட சேத்துத்தான்."

மாணிக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப இது..." என்று உறையைக் காட்டினார்.

"இது பிழையான ரிப்போர்ட் இல்ல ஐயா. அண்டைக்கு ரத்தத்தில இவ்வளவுதான் இருந்திருக்கும். ஆனா அது கேள்விக்குப் பதில் இல்ல."

அவர் அந்த உறையை நான்காக மடிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக் மடியவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டார். பிறகு அதை யாரிடமும் நீட்டவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஃபரீதாக்கா இருந்தார். பதுளை டவுனில் அவர் வீட்டுக்காரருக்குப் புடவைக்கடை. அவர் கதை என் கதைக்கு நேர் மாறு. எங்கேயோ பொதுவாகப் பரிசோதனை செய்தபோது அவருக்கு இந்த எண் கொஞ்சம் கூடியிருந்திருக்கிறது. நெஞ்சிலும் தண்ணீர். அவ்வளவுதான், வீடே செத்த வீடாகிவிட்டதாம். கத்தாரில் இருந்த மகள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். இவரும் நகைகளைப் பிரித்துக் கொடுத்து, சொந்தக்காரர் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டார். சதைப் பரிசோதனை வந்தபோது அது காசநோய். மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும்.

"காசநோய்னு சொன்னதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்ன ஒரே பொம்பள நான்தான் தங்கச்சி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மகளுக்குத்தான். அந்த வேல இனி கெடைக்காது." வேறு வார்டுக்கு மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்கும் இதே வரணும்னு துஆ கேக்குறேன்" என்றார். காசநோய் வரட்டும் என்று ஒருவர் வேண்டிக்கொள்வதும், அந்த வேண்டுதல் பலிக்க வேண்டும் என்று நான் ஏங்கியதும்! ஆனால் எனக்கு ஏற்கெனவே சளியில் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

பெரிய டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சிங்களவர், நரைத்த தலை, அவசரப்படாத மனுசன். பசறையில் எடுத்த பழைய படத்தை ஒரு பக்கமும் புதிய ஸ்கேனைத் திரையிலும் வைத்திருந்தார். சுகன்யா அன்றைக்கு வேலையில். எனக்குச் சிங்களம் பேச வராது என்பதால் மாணிக்கம்தான் கேட்டுக் கேட்டுச் சொன்னார். நுரையீரல் புற்றுநோய். புகைக்காத பெண்களுக்கும் வருகிற வகை. தண்ணீருக்குள்ளும் பரவியிருப்பதால் நாலாம் கட்டம், வெட்டி எடுக்க முடியாது. சதையைக் கொழும்புக்கு அனுப்பி ஒரு மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது. இவ்வளவையும் மாணிக்கம் ஒழுங்காகத்தான் சொன்னார்.

பிறகு அவரே டாக்டரிடம் ஒன்று கேட்டார். அதை எனக்குச் சொல்லவில்லை.

டாக்டர் பழைய படத்தில் அந்தப் பட்டாணியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். 'கலின்' என்ற சொல் வந்தது. முன்னாடியே என்று அர்த்தம். அவர் சொன்னது இதுதான்: முன்னாடியே வந்திருந்தால், அப்போது இது சின்னதாக, ஒரே இடத்தில் இருந்தது, ஆபரேஷன் செய்ய முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது. அன்பாகத்தான் சொன்னார்.

மாணிக்கம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அப்பவே வந்திருந்தாலும் இதேதானாம்" என்றார். "ஒன்னும் வித்தியாசம் இல்லையாம்."

எனக்குச் சிங்களம் பேச வராது. ஆனால் அவர் லொறியோடு ஃபேக்டரியில் நிற்கிற சாயங்காலங்களில், எத்தனையோ வருசமாகப் பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து சிங்கள நாடகம் பார்த்திருக்கிறேன். அதில் ஆஸ்பத்திரி வராத நாடகமே கிடையாது. டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்காத சொல் ஒன்றும் இல்லை. அது அவருக்குத் தெரியாது.

"அப்படியா" என்றேன்.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. அந்த மாற்றம் எனக்கு இருந்தது. மாத்திரை தொடங்கினார்கள். தொடங்குமுன் சீ.ஈ.ஏ. எடுத்தபோது அது ஏறிப்போய் நின்றது. சின்னதாக இருந்தபோது வாயைத் திறக்காதது, பெரிதான பிறகு கத்துகிறது. சில பேருக்கு மருந்து தொடங்கிய புதிதில் இன்னும்கூட ஏறுமாம், அணுக்கள் சாகிறபோது. பயப்படக்கூடாது என்றார்கள். எனக்கு ஏறவில்லை. முகமெல்லாம் பருக்கள் வந்தன, வயிறு கழிந்தது, நகத்தோரம் வெடித்தது. ஆனால் மூச்சு சுகமானது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் மாணிக்கம் எல்லாவற்றையும் செய்தார். சுடுதண்ணீர் வைப்பார், சோறாக்குவார். என் துணிகளைக் குழாயடிக்கு எடுத்துப்போய்த் துவைப்பார். எங்கள் லயத்தில் ஆம்பிளைகள் அதைச் செய்ய மாட்டார்கள். பெண்கள் கேலி செய்தால் சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். என் முகத்தை மட்டும் பார்த்துப் பேச மாட்டார். மாத்திரையை நீட்டும்போதுகூட என் கையைத்தான் பார்ப்பார்.

எனக்குக் கோபம் இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அந்த ரத்தப் பரிசோதனைக்காக இல்லை, அதை அவர் என்மேல் உள்ள ஆசையில் செய்தார். டாக்டர் அறையில் அவர் மாற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக. டாக்டர் சொன்னது என் நுரையீரலைப் பற்றிய உண்மை. அதை எனக்குத் தராமல் தானே வைத்துக்கொண்டார். வாசலில் நின்று என் பாவாடையைப் பிழிந்து காயப்போடுகிற அவரைப் பார்ப்பேன். கோபம் போய்விடும். அடுத்த நாள் திரும்பி வரும்.

மூன்றாவதோ நாலாவதோ கிளினிக். எண் நன்றாக இறங்கியிருந்தது, ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தது. பெரிய டாக்டரே சிரித்தார். பதுளை பஸ் ஸ்டாண்டில் பசறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். மத்தியான வெயில். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர். நல்ல செய்தி கிடைத்த நாளிலும் அவர் எதிர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"டாக்டர் அன்னைக்கு 'கலின்'னு சொன்னது எனக்கு வெளங்கிச்சு."

வடைக்காரர் ஏறி, கடைசிவரை போய், இறங்கினார்.

"எவ்வளவு வெளங்கிச்சு?"

"எல்லாமே."

"அப்ப ஏன் இத்தன நாளா கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

மடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சொல்லியிருந்தா நீ அங்கயே, அந்த ரூமுலயே, பரவால்லங்கனு சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும் ஒன்னைய. அதக் கேட்டுக்கிட்டு நான் எப்படி உசுரோட இருக்குறது?"

நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வாய்வரை வந்தது, ஆனால் அது உண்மை இல்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விசயமா அது? வெட்டி எடுத்திருந்தால் நான் இன்னும் காம்பராவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"எனக்குக் கோவம்தான்" என்றேன். "ஆனா இப்படி மூஞ்சியப் பாக்காம இருக்குறீங்களே, அதுக்குத்தான் ரொம்பக் கோவம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கண் சிவந்து, கிழடாகிப் போயிருந்தார். இத்தனை மாதமாக நானும் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பஸ் புறப்பட்டது. வளைவுகளில் அவர் தோள் என்மேல் சாய்ந்து சாய்ந்து விலகியது. நான் சின்ன டாக்டர் சொன்ன இன்னொன்றைச் சொன்னேன். இந்த மாத்திரை என்றைக்குமே வேலை செய்துகொண்டு இருக்காது. நோய் அதைத் தாண்டிக்கொள்ளும் ஒரு காலம் வரும். சிலருக்கு அப்போது உடம்பில் ஒன்றும் தெரியுமுன்பே இந்த எண் மெதுவாக ஏறத் தொடங்கும்.

"அது எனக்கும் தெரியும்" என்றார்.

"அன்னைக்கும் நீங்கதான் பக்கத்துல இருப்பீங்க. டாக்டர் என்ன சொல்றாரோ அத அப்படியே சொல்லுங்க. ஒரு சொல்லும் கொறைக்காதீங்க, கூட்டாதீங்க."

அவர் ஜன்னல் கம்பியில் இருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நகத்தோர வெடிப்புகள் படாமல், விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தார்.

"சொல்றேன்" என்றார், என் முகத்தைப் பார்த்து.